நான்காம் எண்

உபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
கப்பல்களுக்கு அரிசி, கயிறு, பெயின்ட், பல்பு
ஏற்றி அனுப்பும் கம்பெனி. பதினொரு பேர்.
பிரிண்டரில் சிக்கிய தாளை
ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்தேன்.
அன்றிலிருந்து கணினி இலாகா என்றால் நான்தான்.

பழைய சர்வர் ஜூன் மாதம் இருமத் தொடங்கியது.
ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு
பேன்ட்ரிக்குப் போய் கோப்பி கலக்கி வரலாம்,
அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.
"மலிவாக வாங்கு," என்றார் முதலாளி கோ.
கதவுவரை போனவர் திரும்பி,
"ஆனால் நல்லதாக."

மூன்று பேர் விலை சொன்னார்கள்.
ஒருவர் எல்லாவற்றையும் மேகத்தில் வைக்கலாம் என்றார்,
மாத வாடகைதான்.
இணைய இணைப்பு அறுந்த பிற்பகலில்
பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் காத்திருக்க
கீழே எங்கள் லாரி பில் இல்லாமல் நின்றதை
அவர் பார்த்ததில்லை.
இன்னொருவர் காட்டியது இருநூறு பேருக்கானது.
பதினொரு பேர் சாப்பிட
கல்யாண அண்டாவா?

இரண்டு சின்னதாக எடுத்தேன்.
ஒன்று வேலை செய்யும்.
மற்றது இரவு ஒரு மணிக்கு விழித்து
முதலாவது அன்று செய்ததையெல்லாம்
பிரதி எடுத்துவிட்டுத் தூங்கும்.

பெட்டியைத் தூக்கி வந்த லாரி டிரைவர் முத்துக்கருப்பன் கேட்டார்:
"சர்வர்னா ஓட்டல்ல இருக்கறவர்தானே?"
ஆமாண்ணே, அதேதான்,
கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும்,
கூட்டம் கூடினால் தடுமாறும்.

இடம்தான் இல்லை.
சீனப் புத்தாண்டு விளக்குகளும் காலி டோனர்களும் கிடந்த
அலமாரி அறையை ஒழித்தேன்.
கதவைச் சாத்தினால் உள்ளே முப்பத்தாறு டிகிரி.
கதவைத் திறந்தால் ரோஸ்னா திரும்பிப் பார்க்கிறாள்,
"அடுப்பு ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கு."
கதவையே கழற்றினேன்.
எங்கள் சரக்கிலிருந்தே ரப்பர் பட்டை வெட்டி
அடியில் கொடுத்தேன்,
மாலுமிகள் வாங்கும் மெல்லிய கயிற்றால்
நீலக் கேபிள்களைக் கட்டினேன்.
சத்தம் பாதியானது.
ரோஸ்னா முழுதாக மன்னிக்கவில்லை.

யூபிஎஸ் வந்த அன்று
பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன்.
மின்சாரம் போனால் எட்டு நிமிடம் தாங்கும் என்றேன்.
இந்த ஊரில் மின்சாரம் போவதே அபூர்வம்.
கோ கொஞ்சம் யோசித்தார்.
தரையோரம் இருக்கும் மண் தெய்வத்தின் சிவப்பு விளக்கைக் காட்டி
"அதையும் இதிலேயே சொருகு."
சொருகினேன். ஏழரை நிமிடம் ஆனது.

முகவரி கொடுக்கும்போதுதான் தகராறு.
முதல் சர்வருக்கு நான்கு என்று தட்டினேன்.
பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேல் கை நீட்டி
திரையைத் தொட்டார்.
அவர் மொழியில் அந்த எண்ணைச் சொன்னால்
சாவு என்று கேட்கும்.
எட்டு போட்டேன். முகம் தெளிந்தது,
ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டு போனார்.

இரண்டாவதன் முன் தனியாக உட்கார்ந்தேன்.
இதற்கு என்ன வேலை?
இன்னொன்று சாகும்வரை
பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.
நான்கு கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் போனபின்
எட்டை நானே அணைத்தேன்.
உடனே திரைகள் வெறித்தன,
வயிற்றில் ஏதோ இறங்கியது.
நான்கு மெல்ல எழுந்தது.
பெனாங் கப்பலின் அரிசிக் கணக்கு,
ரோஸ்னாவின் விடுப்புப் பட்டியல்,
யாரோ சேமித்து வைத்த பூனைப் படம்கூட
நேற்றிரவு ஒரு மணியில் இருந்தபடியே
ஒவ்வொன்றாக வந்தன.
தரையில் சிவப்பு விளக்கு
ஒன்றும் நடக்காதது போல் எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை கோ அறையை எட்டிப் பார்த்தார்.
"அந்த இரண்டாவதற்கு என்ன எண்?"
அதற்கு எண் எதற்கு பாஸ், என்றேன்,
அதைக் கூப்பிடப்போவது நான் மட்டும்தான்.